உடம்பு வலியும் உலை அரிசியும்

(பாகான் டாலாமில் நடைபெற்ற கிளைக் கூட்டத்தில் தோட்டக் கிராணியார் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



சம்பளம், போனஸ், வீடு, தண்ணீர் இவற்றைப் பற்றிப் பேசத்தான் இந்த மேடை என்று பலர் எண்ணுவதுண்டு. இன்று அவற்றை ஒரு பக்கம் வைத்துவிட்டு, உடம்பு வலியைப் பற்றிப் பேசும்படி கமிட்டியார் எமக்குச் சொல்லியிருக்கிறார்கள். நாம் டாக்டர் அல்லோம். தமிழ்ப்பள்ளியில் படித்து, தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதுகிற கிராணி. ஆகையினால் வைத்தியம் சொல்ல வரவில்லை. படித்ததையும், ஆஸ்பத்திரியில் கேட்டறிந்ததையும், கண்ணால் கண்டதையும் சொல்ல வந்திருக்கிறோம்.

இந்தப் பேச்சுக்குக் காரணம் ஒன்று உண்டு. ஆபீஸ் மேசைக்கு முன்னால் முன்பணம் கேட்டு வருகிறவர்கள் முன்பெல்லாம் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு, மோட்டார் சைக்கிள் தவணை, சொந்தத்தில் ஒரு சாவு என்று காரணம் சொல்வார்கள். இப்பொழுது தலையைக் குனிந்துகொண்டு, “இடுப்பு வலிக்கு மாத்திரை வாங்கணும் ஐயா” என்கிறார்கள். எவ்வளவு என்று கேட்டால் எண்பது வெள்ளி, நூற்றிருபது வெள்ளி. பால் மரம் வெட்டிச் சம்பாதித்த காசு இது.

அவர்களை மட்டும் குறை சொல்லுவானேன்? நாமே ஏமாந்தோம். நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து கணக்கெழுதியதில் கழுத்தும் தோள்பட்டையும் கல்லாய் இறுகிப்போக, ஒருவர் சொன்னார் என்று மக்னீசியம், இன்னொருவர் சொன்னார் என்று மீன் எண்ணெய், மூன்றாமவர் சொன்னார் என்று மஞ்சள் மாத்திரை. மேசை இழுப்பறை மருந்துக்கடை போல் ஆயிற்று. எட்டு மாதம் கழித்துப் பார்த்தால் வலி அப்படியே இருந்தது, கையிருப்புதான் குறைந்தது. அப்புறந்தான் புத்தி வந்தது. சாப்பிடுகிற பொருளால் வலி போகுமா, போகாதா? போகுமென்றால் எந்த வலி போகும்? இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இந்தக் கேள்விக்கு விடை தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. இந்த மலாயா மண்ணிலேயே, நமது பாட்டன்மார் தின்ற சோற்றிலேயே அந்த விடை கிடைத்தது. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். நமது பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இது அதிகம் வருவதில்லை.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த நாட்டில் பெரி பெரி என்கிற நோய் ஆயிரக்கணக்கானவர்களை வாரிக்கொண்டு போயிற்று. அது எப்படி வரும்? முதலில் கால் கனக்கும். கெண்டைக்கால் சதையை அழுத்தினால் உயிர் போகிற வலி. குத்துக்காலிட்டு உட்கார்ந்தவனால் கையூன்றாமல் எழ முடியாது. பாதம் மரத்துப்போகும். பிறகு கால் வீங்கி, மூச்சு முட்டி, இருதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாய் இதில் மாண்டார்கள். ஆனால் அதே காலத்தில், அதே வெயிலில், அவர்களைப்போலவே நெருக்கியடித்த குடியிருப்புகளில் இருந்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு இந்த நோய் அரிதாகவே வந்தது.

இது ஏன் என்று யோசித்தவர் நெகிரி செம்பிலானில் அரசாங்க டாக்டராயிருந்த பிராடன் என்பவர். சீனர் தின்றது மில்லில் நன்றாய்த் தீட்டிய வெள்ளைச் சீயத்து அரிசி. மலாய்க்காரர் தின்றது வீட்டு உரலில் அன்றன்றைக்குக் குத்திய அரிசி. தமிழர் தின்றது புழுங்கல் அரிசி. வேறுபாடு அரிசியில்தான் இருக்கிறது என்று பிராடன் சொன்னார். 1907-இல் அதை ஒரு பெரிய புத்தகமாகவே எழுதி வெளியிட்டார். அரிசியில் ஏதோ விஷம் சேர்கிறது என்பது அவர் எண்ணம். அது தவறு. ஆனால் அரிசியைக் காட்டிய விரல் சரியான இடத்தைத்தான் காட்டிற்று.

அடுத்து பிளெட்சர் என்கிற டாக்டர். கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில் பெரி பெரி பரவி வந்தது. 1905 டிசம்பரில் அவர் நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாய் நிற்கவைத்து எண்ணினார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் கிழக்குக் கட்டடத்துக்கு. அவர்களுக்கு வழக்கமான வெள்ளை அரிசி. இரட்டைப்படை எண் வந்தவர்கள் மேற்குக் கட்டடத்துக்கு. அவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்றச் சாப்பாடெல்லாம் ஒன்றே. அடுத்த ஆண்டு முழுவதும் இது நடந்தது. வெள்ளை அரிசி தின்ற பக்கத்தில் பலர் நோயில் விழுந்து 18 பேர் மாண்டார்கள். புழுங்கல் அரிசி தின்ற பக்கத்தில் பெரி பெரியால் ஒரு சாவும் இல்லை.

தோழர்களே, இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியவில்லை. சம்மதம் கேட்டால் சொல்லத் தெரியாத மனிதர்களை இரண்டு வரிசையாய் நிறுத்தி நடத்திய சோதனை அது. இன்றைக்கு அப்படிச் செய்ய எந்த ஆஸ்பத்திரிக்கும் அனுமதி கிடையாது, கிடைக்கவும் கூடாது. அந்தப் 18 பேரின் பெயர் நமக்குத் தெரியாது. டாக்டரின் பெயர்தான் தெரிகிறது.

அதற்குப் பின் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்கிற இருவர், நெகிரி செம்பிலான் காட்டுக்குள் ரோடு போட்டுக்கொண்டிருந்த 300 ஜாவானியத் தொழிலாளர்களிடையே இதையே செய்து பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசி, மறு பிரிவுக்குப் புழுங்கல். மூன்று மாத அளவில் வெள்ளை அரிசிக்காரர்களுக்குக் கால் விழத் தொடங்கிற்று. அரிசியை மாற்றிக் கொடுத்ததும் நோயும் இடம் மாறிற்று. தீட்டும்போது உமிக்கடியில் உள்ள தவிட்டோடு ஏதோ ஒரு சத்து போய்விடுகிறது, அது இல்லாததுதான் நோய் என்று 1909-ஆம் ஆண்டுவாக்கில் அவர்கள் நிலைநாட்டினார்கள். பக்கத்து ஜாவாவில் எய்க்மன் என்கிற டச்சு டாக்டர் அதற்கு முன்பே கோழிகளை வைத்து இந்த வழியில் வெகுதூரம் போயிருந்தார். 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1912-இல் பங்க் என்கிற போலந்துக்காரர் இப்படிப்பட்ட சத்துகளுக்கு ‘விட்டமின்’ என்று பெயரிட்டார். இந்தச் சத்துதான் பின்னாளில் விட்டமின் பி1 ஆயிற்று. 1936-இல் அதைச் சாலையில் செய்து காட்டிய வில்லியம்ஸ் என்கிற அமெரிக்கர் பிறந்த ஊர் எது தெரியுமா? அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்!

புழுங்கல் அரிசியில் மட்டும் சத்து எப்படித் தங்கிற்று? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 சத்து தண்ணீரில் கரைந்து அரிசியின் உள்ளுக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. நமது பாட்டிமாருக்கு விட்டமின் தெரியாது. அவித்த நெல் கெடாது, வயிற்றில் நிற்கும் என்பது தெரியும். அந்தப் பழக்கத்தைக் கப்பலில் கட்டிக்கொண்டு வந்தார்கள், உயிர் தப்பினார்கள்.

அந்தக் காப்பும் ஒரு காலத்தில் கைவிட்டுப் போயிற்று. ஜப்பான்காரன் காலத்தில், 1942-லும் 1943-லும், சீயத்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஏற்றிக்கொண்டு போனார்களே, அங்கே அவர்களுக்குக் கிடைத்தது வெறும் வெள்ளைச் சோறு, அதுவும் அரை வயிறு. வாந்திபேதி, மலேரியா, சீதபேதி, இவற்றோடு பெரி பெரியும் சேர்ந்துகொண்டது. போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. இங்கே தங்கியவர்கள் மரவள்ளிக் கிழங்கு தின்று கால் வீங்கிக் கிடந்தார்கள். உங்களில் சிலர் வீட்டுத் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

சரி, இந்தக் கதை இப்பொழுது எதற்கு? இரண்டு காரியத்துக்காக.

சோற்றால் வந்த வலி சோற்றாலேயே போகும். இது நிரூபிக்கப்பட்ட உண்மை. ஆகையினால், “சாப்பாட்டுக்கும் உடம்பு வலிக்கும் என்ன சம்பந்தம்?” என்று யாராவது கேட்டால் நம்ப வேண்டாம். ஆனால் அந்தப் பி1 சத்து குணப்படுத்தியது, பி1 இல்லாமையால் வந்த வலியைத்தான். மங்கு காலியாயிருந்தால் பால் ஊற்றி நிரப்பலாம். நிரம்பிய மங்கில் மேலும் மேலும் ஊற்றினால் வழிந்து தரைக்குத்தான் போகும். இன்று கடையில் விற்கிற சத்து மாத்திரைகளில் பெரும்பாலானவை நிரம்பிய மங்கில் ஊற்றுகிற பாலாகத்தான் போகின்றன.

கணக்கு சொல்கிறோம். வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்குத் தேவையான பி1 சத்து 1.2 மில்லிகிராம். நரம்பு மாத்திரை என்று விற்கிற சிலவற்றில் 100 மில்லிகிராம் இருக்கிறது. மிச்சம் சிறுநீரில் போகிறது. அது போனால் போகட்டும். காசு நட்டம், அவ்வளவுதான். ஆனால் அதே மாத்திரையில் பி6 என்கிற சத்து 200 மில்லிகிராம் வரை இருப்பதுண்டு. தேவையோ இரண்டு மில்லிகிராமுக்கும் குறைவு. பி6 சத்தை அதிக அளவில் மாதக்கணக்காய்த் தின்றால் நரம்பே கெட்டு, கை கால் மரத்துப்போகும். மரத்துப்போவதற்கு என்று வாங்கித் தின்கிற மாத்திரையே மரத்துப்போகச் செய்கிறது! டாக்டர் இத்தனை நாளைக்கு என்று எழுதிக் கொடுத்தால் சாப்பிடுங்கள். கடைக்காரர் சொன்னார், சம்பந்தி சொன்னார் என்று வருஷக்கணக்காய்ச் சாப்பிடாதீர்கள்.

அப்படியானால் இன்றைக்கு நம்மவர்களிடம் என்னென்ன குறைகள் உண்மையாகவே இருக்கின்றன? பெரி பெரி முற்றாய் ஒழிந்துவிட்டதா? இல்லை. தாய்லாந்து மீன்பிடிக் கப்பல்களில் மாதக்கணக்காய்க் கரைக்கு வராமல் வெள்ளைச் சோறு தின்ற தொழிலாளர்கள் பெரி பெரியால் மாண்ட செய்தி 2016-இல் வெளிவந்தது. நம்மிடையே அது வருகிற வாசல் வேறு: சம்சு. சாராயம் பி1 சத்தைக் குடலில் ஏறவிடாமல் தடுக்கும். குடித்தவன் சாப்பிடுவதுமில்லை. பாதம் எரிகிறது, கெண்டைக்கால் வலிக்கிறது என்று மாத்திரை வாங்குகிற சிலர், வலிக்குக் காரணமானதையும் அதே கடைத்தெருவில் வாங்குகிறார்கள். பெயர் சொல்லவில்லை, அவரவர் மனசுக்குத் தெரியும். வெற்றிலை பாக்கும், சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கிற கடுந்தேநீரும் கூட இந்தச் சத்தைக் கெடுக்கும் என்று கண்டிருக்கிறார்கள்.

அடுத்து இரும்புச் சத்து. இது முக்கியமாய் அக்காள்மார்களுக்கு. இரத்தம் குறைந்தால் உடம்பு அசதி, மேல்மூச்சு, தொடை கனத்தல், தலை சுற்றல். மரம் வெட்டிவிட்டு வந்து, சமைத்து, எல்லாருக்கும் போட்டுவிட்டு, மிஞ்சிய குழம்பில் சோற்றைப் பிசைந்து தின்றுவிட்டு எழுந்திருக்கிறார்களே, அந்தச் சட்டியில் மீன் துண்டு இருந்ததா என்று எந்த வீட்டு ஆண்பிள்ளை எட்டிப் பார்க்கிறான்? வலி என்று அவர்கள் சொல்லும்போது வாயு என்று சொல்லித் தைலத்தைக் கொடுத்துவிடுகிறோம். ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துபோகிற காரியம் இது. சாப்பாடு ஆனவுடன் டின்பால் தேநீர் குடிக்கிற நமது பழக்கம் இரும்பை உடம்பில் ஏறவிடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கீரையில், கருவாட்டில், பருப்பில் எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள். இரும்பு நன்றாய் ஏறும்.

பி12 என்று ஒன்று. மீன், முட்டை, இறைச்சி, பால் இவற்றில்தான் இருக்கிறது. முற்றிலும் சைவமாயிருப்பவர்களுக்குக் குறையலாம். நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் மாத்திரை பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்கும் குறையலாம். இந்த நாட்டில் நீரிழிவு நம்மினத்தாரிடையேதான் அதிகம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. கால் எரிச்சல் நீரிழிவால் வந்ததா, பி12 குறைவால் வந்ததா என்பதைப் பரிசோதனைதான் சொல்லும். அதற்காக மெட்ஃபோர்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

விட்டமின் டி எம்மைப்போன்ற கிராணிமார்களுக்கு. “வெயில் நாட்டில் வெயில் சத்துக்குப் பஞ்சமா?” என்று நாமும் சிரித்தவர்தாம். ஆனால் நமது கறுத்த தோல் அந்தச் சத்தைச் செய்ய வெள்ளைத் தோலைவிட அதிக வெயில் கேட்கிறது. நாமோ காலை எட்டு முதல் மாலை வரை கூரைக்கடியில். பால் மரம் வெட்டுகிறவர்களும் பால் நன்றாய் ஓடுகிற விடியற்காலையில், மர நிழலில்தானே நிற்கிறார்கள்! டி சத்து மிகவும் குறைந்தால் இடுப்பிலும் தொடையிலும் மந்தமான வலி, மாடிப்படி ஏற முடியாத பலவீனம். குறைவு என்று பரிசோதனையில் கண்டால் மாத்திரை பலன் தரும். சாதாரணமாய் ஒரு நாளைக்கு வேண்டியது 600 யூனிட். கண்டபடி தின்றால் சுண்ணாம்புச் சத்து இரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்தில் கல்லாகும்.

எமது இழுப்பறையிலிருந்த மக்னீசியம்? இராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிற வயதானவர்களுக்கு அதனால் பலன் இருப்பதாய்த் தெரியவில்லை என்று 2020-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் முடிவு கூறியிருக்கிறார்கள். படுக்கப் போகுமுன் சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்டி இழுத்துவிடுங்கள், காசில்லை. மஞ்சள்? குழம்பில் போடுகிற மஞ்சளுக்கு யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் மஞ்சளைப் பிழிந்தெடுத்துச் செறிவாக்கிய மாத்திரையால் சிலருக்கு ஈரல் கெட்டிருக்கிறது.

இனிச் சொல்லப்போவதுதான் இன்றைய பேச்சில் முக்கியமானது. பின்வரிசையில் பேசிக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

எமக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர். ஐம்பது வயதைத் தாண்டியவர், முப்பது வருஷமாய் மரம் வெட்டியவர். இரவுச் சந்தையில் ஒருவரிடம் பொட்டல மாத்திரை வாங்கினார். மூலிகை என்று சொல்லிக் கொடுத்தது. இரண்டாம் நாள் ஆபீசுக்கு வந்து, “கிராணி ஐயா, தங்கம் ஐயா இந்த மருந்து! பத்து வருஷ இடுப்பு வலி பஞ்சாய்ப் பறந்துபோச்சு” என்றார். நாமும் மகிழ்ந்தோம். பசி நன்றாயெடுத்தது. முகம் உருண்டையாயிற்று. “அண்ணே, சதை போட்டிருக்கிறீர்களே” என்று நாமே சொன்னோம். புத்தி கெட்ட நாம்! வயிறு பெருத்தது, கை கால் மெலிந்தது, தொட்ட இடமெல்லாம் கன்றிச் சிவந்தது. சர்க்கரை ஏறிற்று. ஒரு மாதம் கையில் காசில்லாமல் மாத்திரையை நிறுத்தினார். நான்காம் நாள் பெரட்டுக்கு வரவில்லை. வாந்தி, மயக்கம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது இரத்த அழுத்தம் கீழே விழுந்து கிடந்தது. டாக்டர் அக்காளைப் பார்த்து முதலில் கேட்ட கேள்வி: “வெளியில் ஏதாவது வலி மாத்திரை சாப்பிட்டாரா? பொட்டலத்தைக் கொண்டு வாருங்கள்.”

அதில் என்ன இருந்தது? ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன் போன்ற கடும் மருந்தை அரைத்து மூலிகைப் பொடியில் கலந்து விற்கிறார்கள். இப்படிக் கலப்படம் செய்த பொருள்களைச் சுகாதார அமைச்சைச் சேர்ந்த மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் பலமுறை கண்டுபிடித்து, எச்சரிக்கை வெளியிட்டு வந்திருக்கிறது. ஸ்டீராய்டு கெட்ட மருந்து அன்று. டாக்டர் கையில் அது உயிர் காக்கும். தெரியாமல் தின்றால், உடம்பு தானாய்ச் சுரக்கிற அதே சத்தைச் சுரப்பதை நிறுத்திவிடுகிறது. பிறகு மாத்திரையைத் திடீரென்று விட்டால் உடம்பில் இரண்டும் இல்லை, ஆள் விழுந்துவிடுகிறார். அதோடு எலும்பு தேய்கிறது, தொடைச் சதை கரைகிறது. சதை வலிக்கு வாங்கிய மருந்து சதையையே தின்றுவிடுகிறது. அந்த அண்ணன் பிழைத்துக்கொண்டார். ஆனால் இன்றும் நாற்காலியிலிருந்து எழக் கையூன்றுகிறார்.

ஆகையினால் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷ வலியை இரண்டு நாளில் ஓட்டுகிற மூலிகை எதுவானாலும் சந்தேகப்படுங்கள். பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவெண்ணும், மின்னுகிற ஹோலோகிராம் ஒட்டும் உண்டா என்று பாருங்கள். பதிவெண்ணைப் போலியாகவும் அச்சடிப்பார்கள். அந்த எண்ணை மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் பட்டியலில் போனிலேயே தேடிப் பார்க்கலாம். ஏற்கெனவே இப்படிப்பட்ட மாத்திரையை வாரக்கணக்காய்ச் சாப்பிட்டு வருகிறவர் இங்கே இருந்தால், இன்றிரவே தூக்கி எறிந்துவிடாதீர்கள். பொட்டலத்தோடு கிளினிக்குக்குப் போங்கள். டாக்டர் அதைப் படிப்படியாய்க் குறைப்பார். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். வெட்கப்பட வேண்டியவன் விற்றவன், வாங்கியவர் அல்லர்.

மருந்துக்கடையில் வாங்குகிற சாதாரண வலி மாத்திரைகளும் தினமும் தின்றால் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரத்த அழுத்தத்தை ஏற்றும். நீரிழிவுக்காரர்கள் இதில் இரட்டிப்பு எச்சரிக்கையாயிருக்க வேண்டும். கொழுப்பைக் குறைக்கிற மாத்திரையாலும் சிலருக்குச் சதை வலி வரும். அதையும் நீங்களாய் நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வலியோடு காய்ச்சல், உடம்பு இளைத்தல், கால் மரத்துச் சிறுநீர் கட்டுப்படாமல் போதல், சிறுநீர் கறுப்புக் காப்பி நிறமாதல் இவற்றில் ஒன்று கண்டாலும் வேலையைப் பார்க்காதீர்கள், செபராங் ஜெயா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சமையற்கட்டுக்கு வருவோம். வீட்டில் வெள்ளை அரிசியே பழகிவிட்டது. புழுங்கல் வாசனை பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்கிறார்கள். வாரத்தில் சில நாளாவது மாற்றிப் பாருங்கள். இட்லிக்காவது புழுங்கல் அரிசியும் உளுந்தும் போடுங்கள். அரிசியை நாலைந்து முறை கசக்கிக் கழுவாதீர்கள். பி1 சத்து கழுநீரோடு போகும். வடித்த கஞ்சியைக் கொட்டாமல் உப்புப் போட்டுக் குடியுங்கள். ஆனால் நீரிழிவுக்காரர்கள் கஞ்சியும் சோறும் அளவோடு. பச்சைப்பயறு, கடலை, துவரம்பருப்பு, முட்டை, நெத்திலி, கெம்போங் மீன், முருங்கைக் கீரை. சதை சதையாயிருக்கப் புரதம் வேண்டும். ஒரு தட்டுச் சோறும் ஒரு கரண்டி இரசமுமாய் மரம் வெட்டினால் சதை எங்கிருந்து வரும்? மாத்திரைக்குக் கொடுக்கிற நூற்றிருபது வெள்ளிக்கு எத்தனை தட்டு முட்டை வரும் என்று அடுத்த சந்தையில் கேட்டுப் பாருங்கள். வேர்வை சிந்துகிற வேலையில் தண்ணீர்ப் போத்தல் இடுப்பில் இருக்கட்டும். தாகமெடுத்த பிறகு குடிப்பது போதாது.

இவ்வளவும் செய்தால் எல்லா வலியும் போய்விடுமா? போகாது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். நமது வலியில் பெரும் பங்கு சோற்றுக் குறைவால் வந்ததன்று, வேலையால் வந்தது. நானூறு ஐந்நூறு மரத்தில், மரத்துக்கு மரம் குனிந்து, கழுத்தைத் திருப்பி, ஒரே கையை ஒரே மாதிரி இழுத்து, பிறகு பால் வாளியைத் தோளில் சுமந்து மேடு பள்ளத்தில் நடக்கிற உடம்பு வலிக்கத்தான் செய்யும். தாய்லாந்திலும் இலங்கையிலும் பால் மரம் வெட்டுகிறவர்களைப் பரிசோதித்தவர்கள் இடுப்பு வலியைத்தான் பெருவாரியாகக் கண்டார்கள். இதற்கு எந்த விட்டமினும் கிடையாது. கத்தி கூராயிருந்தால் இழுக்கிற பலம் குறையும். கீழ்வெட்டுக்கு இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். வாளியை நிரப்பி ஒரு நடை போவதைவிடப் பாதி பாதியாய் இரண்டு நடை நல்லது. ஆனால் இரண்டு நடைக்கு நேரம் கொடுப்பது யார்? பால் கொட்டுமிடம் எவ்வளவு தூரம்? ஆள் குறைந்தபோது ஒருவருக்கு எத்தனை மரம்? இவை சமையற்கட்டில் தீருகிற காரியங்கள் அல்ல. பேச்சு மேசையில் தீர வேண்டியவை. கமிட்டியார் குறித்துக்கொள்ள வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறோம்.

இன்னொன்று. சொக்சோ இருக்கிறது. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. வேலையில் அடிபட்டால் மட்டுமன்று, வேலையால் வருகிற நோய்க்கும் அதில் இடமுண்டு. ஆனால் மனுச் செய்யும்போது டாக்டர் எழுதிய குறிப்பு வேண்டும். எப்பொழுது வலி தொடங்கிற்று, என்ன வேலை செய்தார் என்ற விவரம் வேண்டும். பத்து வருஷமாய்ச் சந்தை மாத்திரையால் வலியை மூடி வைத்தவரின் பெயரில் கிளினிக் புத்தகத்தில் ஒரு வரி கூட இருப்பதில்லை. அந்த அண்ணனுக்கும் அதுதான் நேர்ந்தது. செக்ரோலில் அவர் ஒரு நாளும் நோயாளியில்லை! அவருடைய முப்பது வருஷ வலிக்குச் சாட்சி சொல்ல ஒரு துண்டுக் காகிதமும் கிடைக்கவில்லை. கணக்கெழுதிய கை எமது கை. அதனால்தான் இந்த மேடையில் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டோம்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. வலி என்று ஒருவர் சொன்னால், “வயசாகிப் போச்சு” என்று அனுப்பிவிடாமல், தேதி போட்டு எழுதுங்கள். கிளினிக் சீட்டை வாங்கி நகலெடுத்து வையுங்கள்.

வருகிற சம்பள வாரத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி முதல் சங்க அறையில் நாமும் இரண்டு தோழர்களும் உட்கார்ந்திருப்போம். வீட்டிலுள்ள மாத்திரைப் போத்தல், பொட்டலம், தைலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பதிவெண்களைத் தேடிப் பார்த்துச் சொல்கிறோம். பெயரில்லாத பொட்டலம் வைத்திருப்பவர்களைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஒரு தோழர் வண்டி தருவதாகச் சொல்லியிருக்கிறார். அக்காள்மார்கள் தனியாய் வந்து பேச விரும்பினால் மாதர் பகுதித் தலைவியார் பக்கத்து அறையில் இருப்பார். கேள்வியிருந்தால் இப்பொழுதே கேட்கலாம். அந்த மூலையில் பாட்டியம்மா வெகுநேரமாய்க் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள்; முதலில் அவர்கள் கேட்கட்டும்.